முயல் தோலின் பாவக் கணக்கு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள கேரள–தமிழ்நாடு எல்லை ஊர்களில், ரப்பருக்கும் வாழைக்கும் நடுவே இருக்கும் வீடுகளின் பின்புறம் கம்பிக்கூடு வைத்து முயல் வளர்ப்பவர்கள் உண்டு. வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்று இனத்தின் பெயர்களைச் சரளமாகச் சொல்வார்கள். மூன்று நான்கு மாதத்தில் இரண்டு கிலோ எடை வந்துவிட்டால் கறிக்குப் போய்விடும். தோல் பெரும்பாலும் தென்னை மூட்டில் குழிக்குள் போகும். கறியை வறுத்துத் தின்றவரிடம் தோலைப் பதனிட்டு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால் முகம் சுளிப்பார்; சிலர் பாவம் என்றே சொல்லிவிடுவார்கள்.

எது பாவம்? கொன்ற உயிரின் தோலைப் பயன்படுத்துவதா, வீணாக்குவதா?

வேலை என்று பார்த்தால் கடினமில்லை. உரித்த தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பும் படிகாரமும் கரைத்த நீரில் சில நாள் ஊறப்போட வேண்டும். தினமும் கிளறிவிட வேண்டும். பிறகு அலசி நிழலில் காயவைத்து, பாதி ஈரம் இருக்கும்போதே ஒரு பலகை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் நார்கள் பிரிந்து தோல் மெத்தென்று ஆகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் தகடாக விறைத்துக்கொள்ளும். இங்கே பெரிய எதிரி ஈரக்காற்று. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் உப்பிடத் தாமதித்தால் அழுகல் முடியின் வேருக்குள் இறங்கிவிடும். பிறகு கைவைத்த இடமெல்லாம் முடி கொத்தாக வரும். படிகாரத்தில் பதனிட்ட தோலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்துபோய்த் தோல் மறுபடி பச்சைத்தோலின் குணத்துக்குத் திரும்பும். நனைந்தாலும் நிலைக்க வேண்டுமானால் ஆவாரம்பட்டையோ கடுக்காயோ வேண்டும். தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதியே ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் வளர்ந்தது. முயல் தோல் மெலிது. செருப்பின் அடிக்கு உதவாது. குழந்தைத் தொப்பி, பொம்மை, சிறு பை, குளிர்நாடாக இருந்தால் கையுறையின் உள்பக்கம், இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது ஜீவகாருண்யம் என்று சொல்லிக்கொள்ளலாம். கறி தின்ற வாய்க்கு அது பொருந்தாது. உண்மையான காரணம் வேறு; தோல் வேலை யாருக்குரியது என்று சாதி எப்போதோ தீர்ப்பெழுதிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். பூணூல் சடங்கில் பிள்ளைக்குக் கட்டும் மான்தோல் துண்டு தீட்டு இல்லை. புலித்தோல் உடுத்த சிவனுக்கும் தீட்டு இல்லை. உரித்துப் பதனிடும் கைக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் இந்த வழக்கைத்தான் கச்சேரி மேடைவரை கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஆக, அருவருப்பைக் கருணை என்று கணக்கில் எழுத முடியாது. ஆனால் உண்மையான கருணை கேட்கும் கேள்வி ஒன்று தனியாக இருக்கிறது. இந்த ஊர்களுக்கு அது அந்நியமும் அல்ல. எல்லையைத் தாண்டி மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், பிற்காலத்தில் பகவதி கோயிலாகிவிட்ட குகையை ஒட்டி, 9ஆம் நூற்றாண்டுச் சமணத் திருமேனிகள் இன்றும் பாறையில் இருக்கின்றன. கால்படும் புழுவுக்கும் அஞ்சிய சமணம் தோலை ஏற்கவில்லை. இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குரு, கோயில்களில் பலியிடுவதை நிறுத்தச் சொன்னவர். தமிழிலும் பதிகம் பாடிய அவர் மலையாளத்தில் எழுதிய ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’, கொல்வதைவிடக் கொல்லவைப்பதையே பெரிய பாவமாக்குகிறது: தின்ன ஆளில்லை என்றால் கொன்றவனே தின்ன வேண்டியிருக்குமே என்பது அதன் வாதம். குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் இதே தர்க்கம் இருக்கிறது. குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் மொழிபெயர்த்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தின்பவனைப் பற்றிய இந்த வாதம் தோல் உடுத்துபவனுக்கும் பொருந்துமா?

பௌத்த விநய நூல்களில் தோலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் ஒரு கதை. சிறுத்தைக் குட்டிபோல் புள்ளி விழுந்த ஒரு கன்றுக்குட்டியை ஒரு பிக்கு ஆசையோடு பார்க்கிறார். கன்றுக்குரிய பக்தர் கேட்டபோது, அதன் தோல் எனக்கு வேண்டும் என்கிறார். பக்தர் கன்றைக் கொன்று தோலைக் கொடுக்க, பிக்கு அதை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு நடக்கிறார். தாய்ப்பசு பின்தொடர்கிறது. பசு ஏன் உங்கள் பின்னாலேயே வருகிறது என்று மற்ற பிக்குகள் கேட்க, விஷயம் வெளியாகிறது. புத்தர் மாட்டுத்தோலைத் தடை செய்கிறார். இங்கே கத்தி எடுத்தவர் பிக்கு அல்ல. ஆனாலும் பழி அவர் மேல்தான். அதே அத்தியாயத்தில் புத்தர் இன்னொன்றும் செய்கிறார். தரை கரடுமுரடான எல்லைப்புற நாடுகளில் செம்மறியாட்டுத்தோல், வெள்ளாட்டுத்தோல், மான்தோல் விரிப்புகளை அனுமதிக்கிறார். நடுநாட்டுக்கு ஒரு சட்டம், எல்லைக்கு ஒரு சட்டம்!

பாறசாலைக்காரர்கள் இந்தச் சலுகையை உரிமையோடு கேட்கலாம்.

தோலைப் பற்றிய இந்தக் கேள்விக்கு இஸ்லாமிய மரபில் நேரான பதிலே இருக்கிறது. தூக்கி எறியப்பட்ட செத்த ஆட்டைக் கண்ட நபிகள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதாகவும், தின்பது மட்டுமே விலக்கு என்று விளக்கியதாகவும் ஹதீஸ் சொல்கிறது. காந்தி மூன்றாவது வழி தேடினார். வார்தா அருகே நால்வாடியில் இயற்கையாகச் செத்த மாடுகளின் தோலை மட்டும் பதனிட ஏற்பாடானது. மாடு கிழடாகிச் சாகும்வரை காத்திருக்கலாம். கறிமுயலிடம் அந்த யோசனை செல்லாது. நோயில் செத்த முயலை உரிப்பது உரிப்பவருக்கும் ஆபத்து.

சட்டத்தின் எல்லைக்கோடு வேறு. புதரில் ஓடும் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதன் தோலை வைத்திருந்தால் வம்பு. கூட்டுமுயலின் பெயரோ 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின் இறைச்சி விலங்குப் பட்டியலில் விட்டுப்போய், பிற்பாடு சேர்க்கப்பட்டது. எது உயிர், எது உணவு என்பதை அரசிதழ் நிர்ணயிக்கும் விசித்திரம் இது.

பிக்குவின் கதையை முயல்கூட்டின்முன் வைத்துப் பார்த்தால், பாவம் தோலில் இல்லை, அறுக்கும் நாளை முடிவு செய்வது எது என்பதில் இருக்கிறது. கறிக்காக மூன்றாம் மாதம் அறுத்த முயலின் தோலைப் பதனிடுபவர் அந்தச் சாவில் எதையும் கூட்டவில்லை. அந்த வயதில் குட்டிமுடி உதிர்ந்து புதுமுடி முளைக்கும். தோல் மட்டமாகத்தான் இருக்கும். நல்ல தோல் வேண்டுமானால் ஐந்தாறு மாதமாவது காத்திருக்க வேண்டும். தோலுக்காகவே வளர்க்கும் ரெக்ஸ் இனத்துக்கு அதுதான் முறை. அப்படிக் காத்திருக்கத் தொடங்கிய நாள் முதல் வளர்ப்பவர் கன்றை ஆசையோடு பார்த்த பிக்குவின் பக்கம் போய்விடுகிறார். அதற்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: தோலுக்கு விலை வந்தால் முயல் இரண்டு மாதம் கூடுதலாக வாழும். ஆனால் அந்த இரண்டு மாதத் தீவனச் செலவை எந்தத் தோல் வியாபாரியும் ஈடுகட்டாதவரை, இந்த எல்லை ஊர்களில் அறுக்கும் நாளைக் கறியின் எடைதான் தீர்மானிக்கும்.