வண்டியை வீதியில் இறக்குமுன்

கோரிப்பாளையத்து மக்களே, பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கொஞ்சம் நின்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் நமக்குப் பழகிப்போய்விட்டது. வாடிப்பட்டிப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் அடிபட்டவர்களை நம் முக்கைத் தாண்டித்தான் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டோம். உள்ளே கிடப்பவரை மோதிய வண்டி எது, அதன் பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. இன்று கேட்போம். நாளைக்குத் தள்ளினால் நாளைக்கு உள்ளே கிடப்பவர் நம் வீட்டவராக இருக்கலாம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் அத்தனை நடக்கவில்லை. அந்த ஓராண்டில் இங்கே மாண்டவர்கள் 17,884 பேர், நாளொன்றுக்கு 49 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை கம்பெனியில் கட்டி, சோதித்து, நம்பர் கொடுத்து விட்ட வண்டிகள்தாம். சோதித்த வண்டியே இத்தனை பேரைக் கொல்லும் சாலையில், யாரும் சோதிக்காத வண்டியை இறக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எதைச் சொல்கிறேன் என்று பட்டறைப் பிள்ளைகளுக்குத் தெரியும். பழைய மாருதி 800 ஒன்றைக் காயலான் கடை விலைக்கு வாங்குகிறீர்கள். கூட்டை வெட்டிப் போடுகிறீர்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீரிங், சக்கரங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, உங்கள் மனசில் இருக்கும் காரை உங்கள் கையாலேயே கட்டுகிறீர்கள். அப்படிப் பிரித்தெடுக்க வாங்கும் வண்டியை இங்கிலாந்தில் கொடையாளி வண்டி என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நல்ல சொல். ஒன்று தன் உடம்பைக் கொடுத்து இன்னொன்றை வாழவைக்கிறது. இந்த ஆசையை நான் பழிக்க மாட்டேன். கை வேலை தெரிந்த பிள்ளை தெருவுக்கே சொத்து. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்த மண் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து வாயு எடுக்கும் கலனை மாட்டி வண்டி ஓட வழி செய்தது அந்த நிறுவனம். இல்லாததைச் செய்துகொள்வது மதுரைக்காரனுக்குப் புதிதல்ல.

ஆனால் கட்டுவது வேறு, வீதியில் இறக்குவது வேறு. கட்டும்போது உங்கள் விரல் ஒன்றுதான் பணயம். இறக்கிவிட்டால் ஏ.வி.பாலத்தில் சைக்கிள் மிதித்து வரும் பெரியவர் பணயம், தமுக்கம் பக்கம் பள்ளி விட்டு வரும் பிள்ளை பணயம். அவர்கள் உங்களிடம் சம்மதம் சொன்னார்களா?

கோவைக் கரிவரதனை நினைத்துப் பாருங்கள். 1980களின் கடைசியில் இதே மாருதி 800 இன்ஜினை எடுத்து, உள்ளூரிலேயே சேஸ் கட்டி, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். 796 சிசி இன்ஜின்தான். வெளிநாட்டுக் காருக்குக் கொட்டக் காசில்லாத பிள்ளைகள் அதில் ஏறித்தான் பந்தயம் பழகினார்கள். நரேன் கார்த்திகேயன் ஏறி வந்த படிகளில் அதுவும் ஒன்று. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டுக்கே கார் கட்டிக் காட்டிய அந்தப் பந்தயத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஆய்வாளர் குனிந்து, நிமிர்ந்து, தட்டி, அசைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்த வண்டியும் தடத்தில் இறங்காது. கல்லூரிப் பிள்ளைகள் கட்டி ஓட்டும் பாஹா போட்டியிலும் அப்படித்தான். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று உருண்டாலும் வண்டி வெளியே. வேலி போட்ட தடத்தில், தலைக்கவசம் போட்டு, தெரிந்தே ஆபத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டியை இன்னொருவர் கண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். வேலியில்லாத பனகல் சாலையில் இறங்கும் நாம் யார் கண்ணுக்கு ஒப்புக்கொடுத்தோம்?

வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பாண்டிகோயிலில் பூசை போடுகிறோம். தர்காவில் பாத்தியா ஓதுகிறோம். எல்லாம் நல்லது, விடாதீர்கள். படைத்தவனிடம் காவல் கேட்கும் வாய், பிரேக் ஹோஸைப் பார்க்காத கையோடு கேட்கலாமா? அவன் உங்களுக்குக் கொடுத்த முதல் காவல் உங்கள் கண்ணல்லவா?

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் நானும் ஒரு சிநேகிதனும் ஓட்டை ஜீப் ஒன்றைப் பிரித்துத் திறந்த வண்டி கட்டினோம். பெயிண்டுக்கு மூன்று நாள் செலவழித்தோம். பின் சக்கர ட்ரம்மைக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்று விட்டுவிட்டோம். அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே ஓட்டம்தான். ஒரு வீல் சிலிண்டரில் ஒழுகினால் நான்கும் போய்விடும். அழகர்கோயில் சாலையில் கடச்சனேந்தல் தாண்டி, ஒரு டீக்கடைக்கு முன்னால் மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போயிற்று. ஹேண்ட்பிரேக் கேபிளை அப்புறம் மாட்டலாம் என்று சுருட்டி வைத்திருந்தோம். வண்டி கடை பெஞ்சை இரண்டாக முறித்துக்கொண்டுதான் நின்றது. அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் டீக்குக் காசு கொடுக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். சட்டைப்பையில் சில்லறை தேடிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்த முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவர் உயிர் அந்தச் சில்லறைத் தேடலில் தப்பியது. என் கவனத்தால் தப்பவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு இப்போது யார் திருப்பித் தருவார்கள்?

தம்பிமாரே, அந்த ஒரு மணி நேரத்தை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பழைய வண்டி கொடையாளிதான். ஆனால் அது தன் நோயையும் சேர்த்தே கொடுக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் ஆயில் சூடானால் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சாகிவிடும். ஓடாமல் நின்ற டயர் பட்டன் தேயாமலே கிழடாகியிருக்கும். டை ராடு முனையில் ஒரு நூல் ஆட்டம் இருந்தாலும் ஸ்டீரிங் பேச்சைச் சக்கரம் கேட்காது. துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து விற்றிருப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இரும்பு ஒரு மாதிரி சத்தம் போடும், பட்டி வேறு மாதிரி சத்தம் போடும்.

அதோடு, மாருதி 800க்குத் தனியாகச் சேஸ் கிடையாது. கூடுதான் அதன் எலும்பு. அதை வெட்டிய நிமிஷமே கம்பெனி கொடுத்த பலம் அத்தனையும் போய்விட்டது. இனி மோதலைத் தாங்கப்போவது நீங்கள் வைத்த வெல்டிங் மட்டும். மேலே மினுங்கி உள்ளே பிடிக்காத வெல்டிங்கை உங்களைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். பிரேக் கணக்கும் மாறிவிட்டது. முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்தது அந்தப் பழைய எடைக்கு. எடையைக் குறைத்து, இன்ஜினை இடம் மாற்றினால் அந்தப் பிரிவு செல்லாது. பின் சக்கரம் முந்திப் பூட்டினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். முன் சக்கரம் முந்திப் பூட்டினால் திருப்பினாலும் திரும்பாது. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இந்தக் கணக்கை இப்போது பேப்பரில் போடுங்கள். முக்கில் போட நேரம் இருக்காது.

சட்டம் சொல்வதையும் மறைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். பதினெட்டு நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் நிற்காது. அடிபட்டவர் குடும்பத்துக்கு நீதிமன்றம் சொல்லும் தொகையை உங்கள் வீட்டுப் பத்திரம்தான் கட்ட வேண்டும். அபராதத்தைவிட எனக்கு அந்தக் குடும்பத்தின் பட்டினிதான் பெரிதாகப்படுகிறது. ஓட்டினவனிடம் காசும் இல்லை, காப்பீடும் இல்லை என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மாவட்டத்தில் ஓர் இரும்புப் பட்டறைக்காரர் பழைய சாமான்களை வைத்துக் கட்டிய குட்டி ஜீப்பின் படம் எங்கும் பரவியது. நாடே பார்த்து வியந்தது. மகிந்திரா கம்பெனித் தலைவர் ஆனந்த் மகிந்திரா அவர் திறமையைப் பாராட்டினார். கூடவே, விதிக்கு ஒத்து வராததால் இதை ஓட்ட விட மாட்டார்கள் என்றும் சொல்லி, அந்த வண்டியை வாங்கிக்கொண்டு ஒரு பொலீரோவைக் கொடுத்தார். பாராட்டும் தடையும் ஒரே வாயில் வந்தன. இரண்டுமே அன்புதான். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய காருக்குத் தனித் தேர்வு உண்டு. பிரேக், விளக்கு, பெல்ட் மாட்டும் இடம், கூர்மையான விளிம்பு வரை பார்த்துத்தான் சாலைக்கு விடுகிறார்கள். உதிரிகளின் பிறப்பு உறுதியாகத் தெரியாத வண்டிக்கு ‘கியூ’ எழுத்தில் நம்பர் கொடுத்து, அந்த உண்மையைப் பலகையிலேயே எழுதிவிடுகிறார்கள். தனி ஆள் ஒற்றையாகக் கட்டும் வண்டிக்கு அப்படி எளிய வழி நம்மிடம் இல்லை. அதை அரசிடம் கேட்டுப் பெறுவது நம் கடமை. பட்டறைக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. வழி கிடைக்கும் வரை திருட்டுத்தனமாக ஓட்டுவது கேட்பதாகாது.

இது தனி ஒருவன் கணக்கல்ல. நம்பரை ராவி எடுத்த இன்ஜினை விற்கும் காயலான் கடைக்காரரே, அந்தக் காசில் வாங்கும் அரிசியை யார் உண்கிறார்கள்? பிடிக்காத வெல்டிங் என்று தெரிந்தும் கூலி வாங்கிக்கொண்டு அனுப்பும் அண்ணனே, உங்கள் பிள்ளையை அதில் ஏற்றுவீர்களா? மகன் கட்டியது என்று பூரித்து நிற்கும் அப்பாவே, சாவி எங்கே இருக்கிறது? பாலத்தில் பறக்கவிட்டுப் படம் பிடிக்கும் தம்பியே, ஃபோனைக் கீழே வை. கைதட்டிப் பார்த்து நிற்கும் நாம் எல்லோரும் அந்த ஓட்டத்துக்குப் பங்காளிகள். விழுந்த பிறகு, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல நமக்கு வாயில்லை. தெரிந்த அன்றே சொன்னோமா?

ஆகவே நாள் தள்ளாதீர்கள். பாதி கட்டித் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி தெருவில் நின்றபடியே துருப்பிடிக்கிறது. இன்றைக்குப் பிடித்த வெல்டிங் அடுத்த மழைக்குப் பிறகு பிடித்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பிரித்த வண்டியின் ஆர்சி புக் பெட்டிக்குள் கிடந்தால் அதன் நம்பரை வேறெவனோ மாட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம். அழித்த வண்டியைப் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்லி, ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் ஒப்படைத்தோம்? கட்டியதை வேலிக்குள் ஓட்டுங்கள். தோட்டத்தில் ஓட்டுங்கள், அனுமதி வாங்கிப் பந்தயத் தடத்தில் ஓட்டுங்கள். உங்களைவிட மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

இன்று இரவு பட்டறை ஷட்டரை இறக்குமுன் நான்கு சக்கரத்தையும், ட்ரம்மையும் கழற்றுங்கள். லைட்டைக் கிட்டே பிடியுங்கள். ஒவ்வொரு வீல் சிலிண்டரின் ரப்பரையும் விரலால் மடித்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாவியை அம்மாவிடம் கொடுங்கள். காலையில் ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், நானும் கூட வருகிறேன்.