நெரை நாளைக்கும் இருக்கும்

"ஏண்டா தம்பி, காசு கட்டி யாராச்சும் கஷ்டத்த வாங்குவாங்களா?"

போன வருடம் 50 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்தபோது என் பாட்டி கேட்ட கேள்வி இது. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியிலும் கொசுக்கடியிலும் மரத்துக்கு மரம் ஓடியவர். அவர் ஓடியது கூலிக்காக. நான் ஓடப்போவது ஒரு மெடலுக்காக. அதற்கும் என் சம்பளத்திலிருந்து நானே பணம் கட்டியிருந்தேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது பாட்டி" என்று சொல்லி நழுவிவிட்டேன். உண்மையில் எனக்கே பதில் தெரியவில்லை.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். என் முதல் அல்ட்ராவுக்கு எட்டு மாதம் பயிற்சி செய்தேன். வேலை நாட்களில் செம்பனைக் காட்டு மண் சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குரூண் பக்கமிருந்து ஜெராய் மலை. இரவு நேர மாமாக் கடை, கூட்டாளிகளோடு ஊர் சுற்றல் எல்லாவற்றையும் விட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டுப் பிரார்த்தனைக்கு வரும் தம்பிகளிடம், "இது ஒரு தவம் மாதிரிடா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டம் நடந்தது கேமரன் மலையில். கெடாவில் வளர்ந்த நமக்கு வெயில் தெரியும், மழை தெரியும், குளிர் தெரியாது. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்ததோடு சரி. ஜெராய் மலையே 1,217 மீட்டர்தான். அங்கே பாதை 2,000 மீட்டரை நெருங்கியது. மத்தியானத்திலிருந்து மழை. பாசி படர்ந்த காட்டில் முட்டிவரை சேறு. மழை விட்டதும் காற்று வந்தது. ஈரச் சட்டையோடு அந்தக் காற்றில் நிற்பதற்குப் பயந்தே பலரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

39-ஆவது கிலோமீட்டரில் ஒரு சோதனைச் சாவடி. மாலை 5 மணிக்குள் அதைத் தாண்டாவிட்டால் ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். 36-ஆவது கிலோமீட்டரைத் தாண்டும்போது மணி 4.10. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்க்கார அண்ணன், ஒரு மரவேரில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஓகே, பாங்?" என்று கேட்டேன்.

"ஓகே, ஓகே" என்று கட்டை விரலைக் காட்டினார். எனக்கு முன்னால் போன இருவரும் அப்படித்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நானும் போனேன்.

பத்து நிமிடம் ஓடியிருப்பேன். மனதில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. அவர் எதையும் தேடவில்லை. பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை, அதனால் திறக்க முடியவில்லை. "ஓகே" என்று சொன்னபோதே அவர் நாக்குக் குழறியது. இதை நான் பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடிக்கவில்லை. பார்த்தபோதே தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியாததுபோல் மடித்து வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

திரும்பிப் போனேன். அவர் பையில் எல்லாமே இருந்தது: மழைச்சட்டை, விசில், உடல் சூட்டைக் காக்கும் வெள்ளிநிறப் போர்வை. திறக்கத்தான் கை இல்லை. ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, தலையை மூடி, போர்வையைச் சுற்றி, காற்று படாத பக்கம் உட்கார வைத்தேன். இனிப்பு கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. அடுத்து வந்த ஒரு பெண்ணிடம் அவருடைய எண்ணைச் சொல்லி, சாவடியில் தெரிவிக்கச் சொன்னேன். தொண்டர்கள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் சாவடிக்குப் போனபோது மணி ஆறு. என் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

"நல்லது செய்த திருப்தி இருந்திருக்குமே" என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. வடக்கே காரில் திரும்பும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. எட்டு மாத உழைப்பு போச்சே என்று. பிறகு வேறொரு கேள்வி வந்து, அந்தக் கோபத்தைவிட அதிகமாக உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிடம் ஓடியவன் யார்? எட்டு மாதத் 'தவம்' அவனை என்னவாக ஆக்கியிருந்தது?

அந்தப் பத்து நிமிடத்தில் என் மனம் எனக்குச் சொன்ன சமாதானங்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. முதலாவது, 'தொண்டர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை.' இரண்டாவது, 'அவர் வயதில் பெரியவர், ஓகேன்னு அவரே சொல்லிட்டார்.' மூன்றாவதுதான் வெட்கமானது: 'குளிருக்குத் தயாராகாம வந்தது அவர் கர்மா.' கர்மா என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக அடுத்தவர் தலையில் போட்டுவிடுகிறோம்! நான் அந்த இடத்தில், அந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் கர்மாதான். அது என் கணக்கு. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

நமக்குத் தெரிந்த நூல்களே இந்த இடத்தில் நம்மைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும். கீதையின் 17-ஆவது அத்தியாயம் தவத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பலனை எதிர்பார்க்காமல் சிரத்தையோடு செய்வது சாத்விகம். மரியாதைக்காக, பெயருக்காக, பிறர் பார்க்கச் செய்வது ராஜசம். மூடத்தனமாகத் தன்னை வதைத்துக்கொள்வதும் பிறரை அழிக்கச் செய்வதும் தாமசம். உடம்பு படும் பாடு வெளிப்பார்வைக்கு மூன்றிலும் ஒன்றாகவே தெரியலாம். வள்ளுவரும் 'தவம்' அதிகாரத்தின் முதல் குறளில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பது. நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்வதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். என் குளிரைப் பொறுக்கத் தெரிந்த எனக்கு, அடுத்தவர் குளிரையும் பொறுத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டது. அங்கேதான் தவறு.

குளிர் இந்தப் பரீட்சையை உலகம் முழுக்க வைக்கிறது. 2021 மே 22-இல் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் திடீரென்று பலத்த காற்றும் மழையும் வந்தன. பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். அங்கே குகையில் ஒதுங்கியிருந்த சூ கெமிங் என்ற ஆட்டிடையர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுவந்து, தீ மூட்டிக் காப்பாற்றினார். அவர் எந்தப் போட்டிக்கும் பயிற்சி எடுத்தவர் அல்ல.

2023 மே மாதம் எவரெஸ்ட்டில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கெடா மாநிலப் பொதுத் தற்காப்புப் படை இயக்குநர் அவாங் அஸ்கண்டார் அந்த மலையில் உயிரிழந்தார். பிறரைக் காப்பதையே வேலையாகக் கொண்டவர். திறமைசாலிகளையும் மலை விட்டுவைப்பதில்லை. அதே மாதம் அதே மலையில், உச்சிக்குக் கிட்டே, இன்னொரு மலேசியர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். சீனப் பயணி ஒருவரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த கெல்ஜே ஷெர்பா அவரைப் பார்த்தார். தன் பயணியிடம் பேசி, உச்சியைக் கைவிட வைத்து, நடுங்கிக்கொண்டிருந்தவரைச் சுமார் ஆறு மணி நேரத்தில் 600 மீட்டர் கீழே இறக்கினார். பிறகு இன்னொரு ஷெர்பாவும் சேர்ந்துகொள்ள, இருவரும் மாறி மாறி முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் மூன்றாம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. பணம் கட்டி வந்த அந்தச் சீனப் பயணியையும் நினைத்துப் பாருங்கள். அவரும்தான் உச்சியை விட்டுக்கொடுத்தார்.

இதை நம் வகுப்பில் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அப்படின்னா எதுக்குண்ணே ஓடணும்? வீட்டுலயே இருந்தா யாரையும் தாண்டிப் போக வேண்டியதே இல்லையே?"

நல்ல கேள்வி. ஆனால் வீட்டில் இருந்தாலும் நாம் தாண்டித்தான் போகிறோம். பரீட்சை, வேலை, வீட்டுக் கடன் என்று எல்லோருக்கும் ஒரு சாவடி, ஒரு 5 மணி இருக்கிறது. பக்கத்து வீட்டில் குடியால் சீரழிகிற குடும்பத்தையும், பள்ளியை விட்டு நின்றுபோன தோட்டத்துப் பையனையும் "ஓகேவா?" என்று கேட்டுவிட்டு, பதிலைச் சரியாகக் கேட்காமலே ஓடுகிறோம். இன்னொன்று. பயிற்சி இல்லாதிருந்தால், 36 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் என்னால் நின்றிருக்க முடியாது. நானும் ஒரு சுமையாகியிருப்பேன். ஆக, பலம் வேண்டும். அந்தப் பலம் எதற்கு என்பதைத்தான் ஓடும்போது மறந்துவிடுகிறோம். தைப்பூசத்தில் காவடி எடுப்பவரைப் பாருங்கள். அவரைச் சுற்றித் தண்ணீரோடும் முக்காலியோடும் நாலு பேர் வருகிறார்கள். அவர் தள்ளாடினால் எல்லோரும் நிற்கிறார்கள். "நேரமாச்சு" என்று யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

தயாராவதும் தர்மம்தான். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்குப் பனி விழ வேண்டியதில்லை, ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 10, 15 டிகிரியிலேயே நடக்கும். நடுக்கம், குழறல், தள்ளாட்டம், குழப்பம் இவை அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கம் நின்று போனால் இன்னும் மோசம் என்று அர்த்தம். "ஓகே" என்ற சொல்லை நம்பாதீர்கள். பெயரைக் கேளுங்கள், ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பத்து நிமிடம் உட்பட. அவர் திட்டவில்லை. தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். பக்கத்து நெரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒரு நாள் சரிவில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துவிட்டதாம். பாட்டி தன் பாதி நெரையை வெட்டாமல் விட்டுவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தாராம். மண்டோர் அன்றைக்கு அரைக் கூலிதான் போட்டாராம்.

"கோவம் வரலையா பாட்டி?"

"வராம? அரைநாள் கூலிடா அது. புள்ளைங்க இருக்கு வீட்ல. ஆனா நெரை நாளைக்கும் இருக்கும், அவ இருப்பாளா?"

கோபம் வந்தும் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜெராய் மலையில் மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறேன். முடிப்பேனா என்று தெரியாது, முடிக்க ஆசைதான். பையில் மட்டும் இரண்டு மாற்றங்கள். விறைத்த விரலாலும் இழுக்க முடிகிற மாதிரி ஜிப்பில் ஒரு தடித்த கயிறு கட்டியிருக்கிறேன். வெள்ளிநிறப் போர்வை இப்போது இரண்டு இருக்கிறது. ஒன்று எனக்கு.