முகப்பு ஒன்று, அடுப்பு நாலு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இறைமக்களே,

இப்படி இரண்டு விதமாகக் கூப்பிட்டால்தான் இன்று மாலை வந்திருக்கிற எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்கள், அல்லேலூயா சொல்லி உட்கார்ந்தவர்களும் இருக்கிறீர்கள். செய்ய வந்திருக்கிற காரியத்தையே உங்களில் பாதிப் பேர் 'செபம்' என்று எழுதுகிறீர்கள், பாதிப் பேர் 'ஜெபம்' என்று. நடுவே ஒரு கிரந்த எழுத்து நிற்கிறது. கேட்கிறவர் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை.

1908-லிருந்து ஜனவரி 18 முதல் 25 வரை, பல நாடுகளில் சபை பார்க்காமல் கிறிஸ்தவர்கள் கூடி வேண்டுகிற வழக்கம் இருக்கிறது. அந்த வாரத்துக்கு நம் ஊரில் உவமை தேடி அலைய வேண்டாம். ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கல்யாணம் ஆன மகனை 'வேறு வைப்பார்கள்'. அவன் ஒரு தனிப் புள்ளி. அவனுக்கு அரிசி பருப்பு தனி, அடுப்பு தனி. ஆனால் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்வதில்லை. வளவைச் சுற்றி அறைகள், பின்கட்டில் நாலு அடுப்புப் புகை, வாசலில் ஒரே முகப்பு. ஒரு நல்லது கெட்டது என்றால் எல்லாப் புள்ளியும் அதே முகப்பில்தான் வந்து நிற்கும். அடுப்பை ஒன்றாக்கினால்தான் குடும்பம் என்று அந்த வீடுகளைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. சபைகள் விஷயத்தில் நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டு, அது நடக்கும்வரை சேர்ந்து முழங்கால் போட மாட்டோம் என்கிறோம்.

'ஒருமனப்பட்டு' என்று வேதத்தில் வாசிக்கும்போது, எல்லாருக்கும் ஒரே கருத்து என்று புரிந்துகொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பாரம் என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1806 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவில் வில்லியம்ஸ்டவுன் என்கிற சிற்றூர். அங்கிருந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு வைக்கோற்போர். அதன் மறைவில் ஒதுங்கினார்கள். பேச்சு ஆசியாவைப் பற்றிப் போயிற்று. அங்கே சுவிசேஷம் போக வேண்டும், நாமே போனால் என்ன என்றார் சாமுவேல் மில்ஸ். ஐவரில் ஒருவர், ஹார்வி லூமிஸ், ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது போவது ஆபத்து, காலம் வரவில்லை என்று வாதாடினார். ஆனால் எழுந்து போய்விடவில்லை. அந்தப் போரடியிலேயே இருந்தார்.

அடுத்து நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1810-ல் அமெரிக்கன் போர்டு என்கிற மிஷன் சங்கம் பிறந்தது. 1816-ல் அதன் ஊழியர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் அந்த வைக்கோற்போர் ஐவரில் ஒருவர். 1822-ல் தெல்லிப்பழையில் இறந்துபோனார். 1834-ல் அந்தச் சங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். அமெரிக்கன் கல்லூரி, நம் மாவட்டத்து மானாமதுரையில் தொழுநோயாளருக்கென்று எழுந்த தயாபுரம், எல்லாம் அந்த வழியில் வந்தவை. பிறகு காற்று திரும்பி அடித்தது. 1900 வாக்கில் யாழ்ப்பாணத்து மாணவர்களே காசு சேர்த்து, தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். நம் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டி வந்துவிடும். 1902-ல் யாழ்ப்பாணம் போன அசரியா என்கிற தமிழ் ஊழியர், தமிழர்களே மிஷனரிகளை அனுப்புவதை அங்கே பார்த்தார். மறு வருஷம், 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிற்று.

மழைக்கு ஒதுங்கிய ஐந்து பையன்கள். அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம்.

நம்பிக்கை குறைவாக இருந்தாலும் கூடலாமா என்று கேட்பீர்கள். அப்போஸ்தலர் பணிகள் 12-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பேதுரு சிறையில். காவலுக்கு நான்கு நான்கு பேராக நான்கு முறை, பதினாறு சிப்பாய்கள். மாற்குவின் தாய் மரியாள் வீட்டில் ராத்திரி கூடி ஜெபம் நடக்கிறது. விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். நம் ஊர்த் தேக்குக் கதவு மாதிரி கனத்த கதவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொள்கிறாள். வந்த சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பேதுருவுக்காகத்தான் ஜெபம், பேதுருதான் வாசலில் நிற்கிறார், ஆனால் நம்ப ஆளில்லை! எனக்கு மிகவும் பிடித்த ஜெபக்கூட்டம் இதுதான். அவர்களிடம் இருந்தது பெரிய விசுவாசம் இல்லை. அந்த ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் சேர்ந்து இருந்தார்கள், அவ்வளவே. அந்தக் கதவு திறக்கும்வரை பேதுரு தட்டிக்கொண்டே நின்றார் என்று வேதம் சொல்கிறது.

கருத்து வேறுபாடும் குறைந்த விசுவாசமும் கூட்டு ஜெபத்தைக் கெடுக்கவில்லை. கெடுப்பது வேறு ஒன்று, அதை நானே செய்திருக்கிறேன். இளவயதில் ஒரு ஜெபக்குழுவில் இருந்தேன். எனக்கும் இன்னொரு சகோதரருக்கும் கணக்கு விஷயத்தில் மனஸ்தாபம். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்களில் சிலர் உம்முடைய பணத்தில் உண்மையாக இருக்க உதவும்" என்று உருகினேன். ஆண்டவருக்கு இல்லை, அவருக்குத்தான் அந்த வார்த்தை. கண்ணைத் திறந்தபோது அவர் இடம் காலியாக இருந்தது. செருப்பு மாட்டுகிற சத்தம் வாசலில் கேட்டது. எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. மறுவாரம் ஏழு பேர், அதற்கடுத்த வாரம் நாலு பேர். குழு அதோடு போயிற்று. வேறு மதத்தார் யாரும் வந்து அதைக் கலைக்கவில்லை. நான் கலைத்தேன்.

நேரமாகிறது. பிரசங்கம் கேட்க மட்டும் வந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், இனிப் பேச்சு இல்லை. தூண் ஓரமாக நிற்கிறவர்கள் நடுவே வாருங்கள். இரண்டிரண்டு பேராக உட்காருங்கள், தெரியாதவரோடு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பேரைக் கேளுங்கள். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். வீட்டில் என்ன பாரம் என்று கேளுங்கள். பிள்ளைக்கு வேலையா, தாய்க்கு வியாதியா, கட்ட முடியாத கடனா, அதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக் காரியம் போல எடுத்து வையுங்கள். உங்களுடையதை அவர் எடுத்து வைக்கட்டும்.