ரதி அழாத திரை

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பு ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை தப்புச் சத்தம் லயத்துக்கு லயம் கேட்கும். ரதி வேடம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஓர் ஆண்தான். பகலில் மலையில் புல்வெட்டிவிட்டு, இரவில் விரதத்தோடு முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்கிறவர். எமன் வருவான், ஆவேசத்தோடு வீரபத்திரன் வருவான். கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, ரதியின் கணவன் மதன் எரிந்துபோவான்.

பாட்டியின் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், பயந்தபடியே ஐந்து வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். ஆறேழு தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது. ஒரு உடல் எரிவதைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூத்தில் மதன் எரிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு ரதி அழுகிற அழுகைதான் நீளமானது. மார்பில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லி, உறவு சொல்லி அவள் ஒப்பாரி வைக்கும்போது, சுற்றி நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். எரித்தவரே இரங்கி உயிர்ப்பிச்சை கொடுக்கும் வரைக்கும் அந்த அழுகை ஓயாது.

இப்போது அதே லயத்தின் இஸ்தோப்பில் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு இன்னும் வரவில்லை. பல வீடுகளில் அம்மா குவைத்திலோ சவுதியிலோ இருக்கிறார், வளர்ப்பது அம்மாயி. பிள்ளையின் கையில் போன். இரவு அம்மாவின் முகம் தெரிவதும் அதே போனில்தான், பகலெல்லாம் கத்தியும் துப்பாக்கியும் ஓடுவதும் அதே போனில்தான். அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. அந்த வீட்டில் அதைப் பிடுங்கினால் தாயின் குரலும் கூடவே போய்விடும்.

போன் இங்கே ஆடம்பரமாக வந்த பொருளும் அல்ல. 2021இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் காட்டுவழி நடந்து பாறை உச்சிக்கு ஏறித்தான் சிக்னல் பிடித்துப் பாடம் படித்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படங்களை வெளியிட்டன. தோட்டங்களிலும் அந்த நாட்களில் கடன்பட்டு போன் வாங்கிய வீடுகள் உண்டு. பாடம் முடிந்தது, போன் வீட்டில் தங்கிவிட்டது.

சண்டைப் படம் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போச்சு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. பார்ப்பதும் ஒரு வினையா? கை நீட்டாமல், வாய் திறவாமல், கண்ணால் மட்டும் கண்டது உயிரில் ஒட்டுமா?

ஒட்டும் என்பதே சைவ சித்தாந்தத்தின் பதில். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்கிறது 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழிவந்த மரபு. பளிங்கின் பக்கத்தில் சிவப்பை வைத்தால் அது சிவக்கும், நீலத்தை வைத்தால் நீலமாகும். கண்ணையும் அந்த மரபு உவமையாக எடுத்துக்கொள்கிறது. இருட்டில் கண் இருட்டோடு இருட்டாகிவிடும், வெளிச்சத்தில் வெளிச்சத்தோடு ஒன்றிப்போகும். தனக்கென்று நிறமில்லாத அந்தப் பளிங்குக்கு ஒரு குழந்தையை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறென்ன?

பதுளை நகரின் நடுவே முதியங்கன விகாரை இருக்கிறது. அந்தப் பௌத்த மரபின் பாளி நூல்களில், சம்யுத்த நிகாயத்தில், இதே கேள்வியோடு ஒரு நடிகன் வருகிறான். தாலபுடன் என்ற அவன் ஒரு கூத்துக் குழுவின் தலைவன். மேடையில் மக்களை மகிழ்விக்கும் நடிகன் இறந்தபின் சிரிக்கும் தேவர்களோடு போய்ச் சேர்வான் என்று எங்கள் முன்னோர் சொன்னார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவன் ராஜகிருகத்தில் புத்தரைக் கேட்கிறான். வேண்டாம், அதைக் கேட்காதே என்று அவர் மறுக்கிறார். அவன் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்டபின் பதில் வருகிறது. காமமும் சினமும் மயக்கமும் ஏற்கெனவே விலகாமல் இருக்கிறவர்களிடம் அவற்றை இன்னும் மூட்டிவிடுகிறவன் போகிற இடம் நரகம். தாலபுடன் அழுகிறான். நீங்கள் சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் ஏமாற்றப்பட்டேனே என்று அழுகிறேன் என்கிறான். பிறகு துறவியாகிறான்.

மூட்டிவிடுகிறவன் என்பதுதான் இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம். விறகு முன்பே அங்கே கிடக்கிறது. கூத்துக்காரன் கொண்டுவருவது நெருப்புக்குச்சி மட்டும்.

ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட 72 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை ஊரறிந்தது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். அவர் 1965இல் வெளியிட்ட இன்னொரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தக் குழுப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகவே அடித்தார்கள். சரி, தண்டனையைக் காட்டினால் போதும் என்று தோன்றுமல்லவா? அதன்பின், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றார்கள். உடனே எல்லாக் குழுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். எல்லோருக்குள்ளும் அது போய்ச் சேர்ந்திருந்தது, சிலரிடம் காத்துக் கிடந்தது. நம் சமயங்கள் இதை வாசனை என்கின்றன. தருணம் வரும்வரை அடியில் கிடக்கும் பதிவு.

ஆனால் பொம்மையை அடிப்பது வேறு, மனிதரை அடிப்பது வேறு. அதனால், தொலைக்காட்சியே இல்லாத ஊருக்கு அது புதிதாக வரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்த ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். கனடாவில் பள்ளத்தாக்கில் கிடந்ததால் அலைவரிசை எட்டாத சிற்றூர் ஒன்றுக்கு 1973இல் தொலைக்காட்சி வந்தது. ஆய்வாளர்கள் அதற்கு நோடெல் என்று புனைபெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் விளையாட்டிடத்தில் ஒருவரையொருவர் அடிப்பதும் ஏசுவதும் கூடியிருந்தது. தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோதோ பிள்ளைகளின் நடத்தை மோசமாகவில்லை. அங்கே எந்தப் பிள்ளையும் யாரோ ஒரு பெரியவரின் கண் பார்வையிலேயே வளர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த தீவும் ஒன்றாகச் சேர்ந்தால் அதுதான் ஒரு தோட்டம். பழைய லயத்தில் ஒரு பிள்ளை கல்லெறிந்தால் கடைசி வீட்டுக் கிழவி வரை அதட்டுவாள்.

எல்லாப் பழியையும் படத்தின் தலையில் போடுவது பொய்யாகிவிடும். 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. இந்த ஊவா மாகாணத்தின் பிள்ளைகள் வன்முறையைத் திரையில் மட்டும் கண்டு வளர்ந்தவர்கள் அல்லர். கசிப்புக் குடித்துவிட்டு வருகிற அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்க்கிற பிள்ளைக்குப் படம் இரண்டாவது ஆசான்தான். அமெரிக்காவில் கோர்டன் டாலும் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. வன்முறைப் படத்துக்குக் கூட்டம் அலைமோதிய வார இறுதிகளில் அடிதடிக் குற்றங்கள் குறைந்திருந்தன. இளைஞர்கள் குடிக்கிற இடத்தை விட்டுவிட்டுத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தது ஒரு காரணம்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. முகாமுக்குள் கத்தியோடு புகுந்தவனால் எப்படி முடிந்தது? தன் முன்னே நிற்கிறவனுக்காக அழ ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்பது அந்த நேரம் அவன் மனதில் இல்லை. அதை மனதில் வராமலே வைத்திருக்கப் பழக்குவது எதுவோ, அதுதான் அஞ்சத்தக்கது. இரத்தத்தின் அளவு அதற்கு அடுத்த கேள்வி.

தோட்டத்துக் கூத்துகள் இதை மறக்க விட்டதில்லை. பொன்னர் சங்கரில் அண்ணன்மார் களத்தில் விழுந்ததும் கதை முடிந்துவிடாது. தங்கை வருவாள், பிணங்களுக்கு நடுவே தேடுவாள், அழுவாள், எழுப்புவாள். கந்தசஷ்டியில் சூரன் போர் பார்க்கும் பிள்ளை, தலை மாற்றி மாற்றி வரும் சூரன் கடைசியில் சேவலாகவும் மயிலாகவும் ஆவதைப் பார்க்கிறது. பகைவன் கொடியாகவும் வாகனமாகவும் இறைவனோடேயே தங்கிவிடுகிறான். இதை மறக்கருணை என்பார்கள் சைவர். அடியிலும் கருணை இருக்கவேண்டும் என்ற அந்த எண்ணம் ஒரு குழந்தைக்குச் சொல்லில் புரியாது. மயிலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

1990களில் அமெரிக்காவில் நடந்த தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தது. வன்முறைக் காட்சிகளில் 73 விழுக்காட்டில் செய்தவனுக்குத் தண்டனையே இல்லை. அடிபட்ட நிகழ்வுகளில் 58 விழுக்காட்டில் வலி காட்டப்படவில்லை. பார்க்கிற பிள்ளையைப் பாதிப்பதில் அதிக ஆபத்து எதில் என்பதற்கும் அவர்கள் சொன்னது இதையொட்டியே இருந்தது. அடிப்பவன் கவர்ச்சியான நாயகனாக, அடி நியாயமாக, வலி இல்லாததாக, தண்டனை இல்லாததாக இருக்கும் காட்சிகள்.

இன்றைய தமிழ்ச் சண்டைப் படத்தை இந்தச் சொற்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாயகன் மெதுவாக நடந்து வருகிறான், இசை ஏறுகிறது, இருபது பேர் பறந்து விழுகிறார்கள். விழுந்தவர்களுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, அடுத்த காட்சியில் அவர்கள் இல்லவே இல்லை. 2023இல் ‘ஜெயிலர்’ படம் யு/ஏ சான்றிதழோடு வந்தது. 2025இல் ‘கூலி’க்கு வயது வந்தோருக்கு மட்டுமான ஏ சான்றிதழ் கிடைத்தபோது தயாரிப்பாளர்கள் அதை மாற்றக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. சென்னையில் ஒட்டிய அந்த எழுத்து பசறை வீதியைத் தாண்டி ஒரு லயத்துக்கு வந்து சேர்வதே இல்லை. சண்டைக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்த துண்டுகள்தான் போனில் முதலில் வருகின்றன, அவற்றின் மேல் எந்த எழுத்தும் கிடையாது.

ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பிறகு, மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பேட்டரியில் டீவி ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் டீவி இருந்தால் பத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கே. அப்போதும் சண்டைப் படம்தான் ஓடியது. கதவோரத்தில் வெற்றிலை மென்றபடி ஒரு அம்மாயி உட்கார்ந்திருப்பாள். வில்லனின் ஆள் ஒருவன் மாடியிலிருந்து விழும்போது, “ஐயோ, யாரு பெத்த புள்ளையோ, இப்பிடிப் போட்டு அடிக்கிறானே” என்று அவள் வாய்விட்டுச் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சத்தம் போடாதே என்பார்கள். சிரித்தாலும் அந்தச் சொல் காதில் விழுந்துவிடும். பெயரில்லாமல் விழுந்த அந்த அடியாளுக்கு ஒரு தாய் கிடைத்துவிடுவாள்.

அந்த அம்மாயி இப்போதும் இஸ்தோப்பில்தான் இருக்கிறாள். பிள்ளை அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது, காதில் இயர்போனோடு. திரையில் யார் விழுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

மாசி வரும்போது சில தோட்டங்களில் இன்னமும் காமன் கம்பு ஊன்றுகிறார்கள். அந்த இரவில் அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவாள். பனியில் போர்வையை இழுத்துவிடும்போது அது கேட்கும், “ஏன் அம்மாயி அந்த மாமா அழுவுறாரு?” ரதி யார், அவள் புருஷன் யார், அவனை எரித்தது யார், ஏன் என்று அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள்.