மிகுபொருள் விரும்பாமையும் உயிலும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றுக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதை விழையாதிருத்தலே அவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில் இதற்கு 'இச்சா பரிமாணம்' என்னும் பெயரையும் தருகின்றார். பொருளோடு ஆசையையும் அளந்து நிறுத்த வேண்டும் என்பது அப்பெயரால் விளங்கும்.

எல்லை வகுத்தவர்க்கும் ஒரு வினா எஞ்சுகின்றது. அவ்வெல்லைக்குள் உள்ள பொருள் நமக்குப் பின் யாரைச் சேரும்? இதனைப் பேசுதல் அமங்கலம் எனப் பல இல்லங்களில் வாய் திறப்பதில்லை. அநித்தியத்தை நாளும் சிந்திக்கக் கற்ற நாம் இதற்கு அஞ்சுவது வியப்பே! பேசாமையால் விளைவது யாது? வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் ஆகிய நான்கு கஷாயங்களையும் மக்களுக்கு முதுசொமாக விட்டுச் செல்கின்றோம். உடன்பிறந்தார் இருவர் ஒரே ஜினாலயத்தில் முகம் திருப்பி நின்று வழிபடும் காட்சி நமக்குப் புதிதன்று.

உயிலின்றி இறந்த சமணரின் சொத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். ஆடவர் இறப்பின் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சமபங்கினர். மணமான மகளிடம், "சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவது கள்ளாமை விரதத்துக்கு இழுக்கு என்பேன். சிராவகியர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். கணவரும் மக்களும் இல்லாத பெண் உயிலின்றி இறப்பின், அவர் உழைத்து ஈட்டிய பொருள் பெற்ற தாய்க்கு முன்னதாகக் கணவரின் வாரிசுகளைச் சேரும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையொப்பமிட, அதனைக் கண்ட இருவர் சாட்சிக் கையொப்பமிடுதல் வேண்டும். பங்கு பெறுவோரைத் தவிர்த்து, நம்மினும் இளையோரைச் சாட்சியாக்குதல் நன்று. பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்னாளில் ஐயம் குறையும். உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். முன்னோர் கூட்டுச் சொத்தாயின் நம் பங்கை மட்டுமே எழுத இயலும். வங்கி வைப்புத் தொகைக்கு நியமனதாரரைக் குறித்துவிட்டோம், அது போதும் எனக் கருதற்க. அவர் தொகையைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிப்பவரே. அந்நியமனத்தால் மட்டும் உடையவர் ஆகார்.

ஜினாலயத்துக்கென உயிலில் எழுதி வைப்போர் உளர். நன்று. ஆனால் சாவு பறித்த பின் செல்லும் பொருளில் நாம் துறந்தது என்ன? உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் வாழும் கையால் வழங்கத்தக்கவை. கொடுக்க எண்ணியதில் ஒரு பகுதியையேனும் இன்றே கொடுத்துவிடுங்கள்.

சல்லேகனை ஏற்போர் அன்பு, பகை, உடைமைத் தொடர்பு ஆகியவற்றை நீக்கி, சுற்றத்தாரையும் ஏவலரையும் பொறுத்து, தாமும் பொறுத்தருள வேண்டுதல் முறை. நினைவு மங்கியவர் படுக்கையருகே பத்திரத்தை நீட்டிப் பெருவிரல் ரேகை பெறும் வீட்டில் அஃது எங்ஙனம் கைகூடும்? மனத் தெளிவோடு எழுதிய உயிலையே சட்டமும் ஏற்கும்.

வரும் தசலக்ஷண பருவத்தின் ஒன்பதாம் நாள், ஆகிஞ்சன்ய தருமத்துக்குரிய நாள். அன்று வழிபாடு முடித்து, பட்டா, பத்திரம், வைப்புச் சீட்டு அனைத்தையும் எடுத்துவைத்துப் பட்டியல் எழுதுங்கள். மகள், மருமகள் உட்பட யாவரையும் அமரச் செய்து அதனை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.