தலைப்பாகையைக் கட்டு!

பதநீர்க் காலத்தில் ஒருநாள் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஒரு விடிலிக்குள் போய் நில்.

புகை கண்ணைக் கரிக்கும். கொப்பரையில் பதநீர் கொதித்துக் கொதித்துப் பாகாகும். அடுப்படியில் வியர்வை வழிய நிற்கும் பெண் பதம் பார்ப்பாள். சிரட்டை சிரட்டையாக ஊற்றுவாள். புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி அப்படித்தான் பிறக்கிறது!

அந்தப் பதநீரை இறக்கியவன் விடியும் முன்பே பனை ஏறியவன். "இன்றைக்கு மனசு சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று அவன் சொல்ல முடியுமா? சீவாமல் விட்ட பாளை ஊறாது!

நீ எத்தனை வருடமாக "நாளைக்கு" என்று சொல்கிறாய்?

"நான் ஒருத்தன் என்ன செய்துவிட முடியும்?" இதுதானே உன் சாக்கு? ஒரு மரத்துப் பதநீரில் கொப்பரை நிறையாது. அதற்காக எந்தப் பனையேறியாவது தன் கலயத்தை ஊற்றாமல் போனானா?

கேள்!

1809-இல் ஒரு பனையேறிக் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றவர்கள் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். "உங்களுக்கு இந்தப் பெயரா?" என்று சீறினார்கள் ஆதிக்க சாதியினர். பிள்ளை முத்துக்குட்டி ஆனது.

பெயரைக்கூட விட்டுவைக்காத காலம் அது! திருவிதாங்கூரில் பனையேறும் மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பனைக்கு வரி. ஏணிக்கு வரி. தலைக்கும் வரி!

உன் கஷ்டம் இதைவிடப் பெரிதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்!

வாலிப வயதில் முத்துக்குட்டி படுத்த படுக்கையானார். தாய் வெயிலாள் விட்டாளா? 1833 மாசியில் மகனைத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குக் கொண்டு வந்தாள். உடன்குடிக்குப் பக்கத்துக் கடல்தான்! முத்துக்குட்டியாக இறங்கியவர் அய்யா வைகுண்டராக எழுந்தார் என்று அய்யாவழி மக்கள் இன்றும் நம்பிக் கும்பிடுகிறார்கள்.

எழுந்தவரைத் திருவிதாங்கூர் அரசு சும்மா விட்டதா? சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது.

வெளியே வந்தவர் யாரிடமாவது சமத்துவம் வேண்டும் என்று மனு கொடுத்து நின்றாரா? வாழ்ந்து காட்டச் சொன்னார்! அவருடைய ஊரான சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு. எல்லாச் சாதியாரும் அந்த ஒரே கிணற்றில் குளித்தார்கள்.

அதோடு விட்டாரா? 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. துவையல் தவசு! தினமும் மூன்று முறை குளியல். கட்டிய துணியைக் கடலில் துவைக்க வேண்டும். ஒரே வேளைச் சோறு. கூடித்தான் வழிபாடு.

அழுக்கர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்! உப்புக் காற்றில் அவர்கள் துணி வெள்ளை வெளேரென்று ஆடியதை ஒரு நிமிடம் கண்ணுக்குள் கொண்டு வா. எனக்கு நினைக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

அவர்களுக்குப் பயம் இல்லையா? இருந்திருக்கும்! வீட்டையும் பிழைப்பையும் விட்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களுக்குப் பயம் இல்லாமலா இருக்கும்? பயத்தையும் கூட்டிக்கொண்டே கிளம்பினார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

உன் பயத்தை ஏன் நீ மட்டும் தனியாகச் சுமக்கிறாய்?

1851-இல் அய்யா மறைந்தார். அவர் தொடங்கி வைத்த வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்கள் இன்றும் தென்மாவட்டங்களில் ஊர் ஊராக நிற்கின்றன. உள்ளே போனால் சிலை இருக்காது. ஒரு கண்ணாடி இருக்கும். அதில் உன் முகம்! குனிந்து போகாதே. ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் அங்கே நிற்க வேண்டும். முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறித்த நாட்டில், அத்தனை தலைக்கும் முடி சூட்டிவிட்டார் அய்யா!

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் ஊர்ப் பக்கத்துத் தாங்கலுக்குப் போ. துண்டை உதறித் தலையில் கட்டு. கண்ணாடியில் தெரிகிறவனை நேருக்கு நேர் பார்.

பிறகு வெளியே வா. சோற்றுப் பந்தி நடந்தால், இதுவரை நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்!