உள்ளே ஒரு விரிசல்

பழைய காரில் கூலன்ட் நாள்தோறும் குறைகிறது. தரையிலோ ஒரு சொட்டும் இல்லை. எஞ்சினின் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். அவ்வாறாயின் கூலன்ட் எரியறைக்குள் புகுந்து வெண்புகையாக வெளியேறும். எண்ணெயில் கலந்து அதைப் பால்போல் வெளுக்கச் செய்யும். மேலும் மேலும் ஊற்றுவது பரிகாரமன்று. கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் ஆபத்து. வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகே சோதிக்க வேண்டும்.

உடலைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் காட்டுகிறது கடோபநிஷதம். காலை ஜபத்தில் நிரம்பிய அமைதி மாலைக்குள் வற்றிவிடுகிறதா? குறை ஜபத்தில் இல்லை. யார்மீதோ கொண்ட பழைய மனத்தாங்கல் உள்ளே விரிசலாக இருக்கலாம். சினம் கொதிக்கையில் அதைக் கிளற வேண்டாம். மனம் ஆறியபின் புத்தி என்னும் சாரதி நேர்மையுடன் அதைக் கண்டறியட்டும். அவரை மனமார மன்னித்தபின் செய்யும் ஜபத்தின் அமைதி உள்ளத்தில் நிலைத்து நிற்கும்.